யாரும் தொடாதபோது இரையும் மடிக்கணினி: செயலியின் நேரம் யாரிடம் போகிறது?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. நான்கு ஆண்டுப் பழைய மடிக்கணினி, விண்டோஸ் 11, 4 கோர், 8 த்ரெட் கொண்ட செயலி, 8 ஜிபி ராம். பத்து நிமிடம் தொடாமல் விட்டால் காற்றாடி இரைகிறது, அடிப்பகுதி சுடுகிறது. என்னவென்று பார்க்க, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், 90-க்கு மேல் இருந்த சிபியு விழுக்காடு (செயலியின் திறனில் வேலையில் இருக்கும் பங்கு) இரண்டு மூன்று நொடிகளில் சரிந்து 13-இல் வந்து நின்றுவிடுகிறது. அந்த 13 மட்டும் நாள் முழுவதும் இறங்குவதில்லை. கடைக்காரர் ராம் கூட்டச் சொல்கிறார், உறவினர் ஃபார்மட் செய்யச் சொல்கிறார், நீங்களாக ஒரு கிளீனர் மென்பொருளை நிறுவிப் பார்த்தும் பயனில்லை.

இதில் இருப்பது ஒரு கோளாறு அன்று, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இரண்டு என்றே நினைக்கிறேன். இறங்காமல் நிற்கும் 13 ஒன்று; பார்க்கப் போனால் மறைந்துவிடும் 90 மற்றொன்று. இரண்டையும் சேர்த்தே தேடியதால்தான் இத்தனை நாள் பிடி கிடைக்கவில்லை. (வீடுகளில் சிபியு என்றால் மேசைக்கடியில் இருக்கும் பெட்டி, கைப்பேசியில் நிறுவுபவற்றையும் இப்போது செயலி என்கிறோம். இங்கே செயலி என்று நான் எழுதுவது உள்ளே இருக்கும் சில்லை மட்டுமே. அதன்மேல் ஓடுபவற்றை நிரல் என்று குறிப்பிடுகிறேன்.)

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் செயலியில் 8 த்ரெட் (ஒரே நேரத்தில் வேலை நடக்கக்கூடிய 8 தடங்கள்) இருப்பதால், ஒரு நிரல் அவற்றுள் ஒன்றை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டால் மொத்தத்தில் அது 100-ஐ 8-ஆல் வகுத்த 12.5 விழுக்காடாகத் தெரியும். 4 த்ரெட் உள்ள கணினியில் இதே கோளாறு 25 என்று காட்டும். உண்மையில் வேலை செய்யும் நிரலின் எண் ஏறும், இறங்கும். 13-லேயே ஆணியடித்தாற்போல நிற்கும் எண், ஏதோ ஒரு நிரலின் ஒரு பகுதி செக்குமாடுபோல ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். அது எதற்காகவோ காத்திருக்கிறது, காத்திருப்பது வரவில்லை, காத்திருப்பதை ஒழுங்காகச் செய்யவும் அதற்குத் தெரியவில்லை. டாஸ்க் மேனேஜரின் வெவ்வேறு பக்கங்களில் இதே எண் 13 என்றும் 16 என்றும் மாறித் தெரிந்தால் குழம்ப வேண்டாம். விண்டோஸ் 11-இன் பழைய பதிப்புகளில் சில பக்கங்கள் செயலியின் அப்போதைய வேகத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டீட்டெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கி இறங்குவரிசையில் அடுக்குங்கள். உச்சியில் சிஸ்டம் ஐடில் பிராசஸ் என்று ஒன்று 80-க்கு மேல் காட்டிக்கொண்டு இருக்கும். அது செயலியின் ஓய்வு நேரம்; அதைக் குற்றவாளி என்று எண்ணி நிறுத்தப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த வரியில் 12 அல்லது 13 என்று நிற்கும் பெயர்தான் நமக்கு வேண்டியது.

அந்தப் பெயர் ஸ்பூல்எஸ்வி என்றால், அச்சுப்பொறிக்கு அனுப்பிய ஏதோ ஒரு கோப்பு வழியில் சிக்கியிருக்கிறது. என் பெரியப்பா வீட்டுக் கணினி ஏறத்தாழ எட்டு மாதம் இப்படித்தான் ஓடியது. பிரிண்டரை யாருக்கோ கொடுத்து வெகுநாள் ஆகியும், கடைசியாக அனுப்பிய ஒரு ரயில் டிக்கெட் வரிசையில் காத்துக்கொண்டே இருந்தது. சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையில் உள்ள கோப்புகளை மட்டும் (கோப்புறையை அன்று) அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி தொடங்கினால் முடிந்தது.

எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் வந்தால், அது தன்னளவில் எதையும் செய்வதில்லை, விண்டோஸின் சேவைகளைச் சுமக்கும் வண்டி மட்டுமே. முன்பெல்லாம் ஒரே வண்டியில் பத்துப் பதினைந்து சேவைகள் ஏறியிருக்கும், யார் குற்றவாளி என்று பிரித்தறிவது பெரும்பாடு. 2017-இல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட் முதல், 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகள் தனித்தனி வண்டியில் போகின்றன. ஆகவே அந்த வரியில் வலச்சொடுக்கி, கோ டு சர்வீசஸ் என்பதைத் தேர்ந்தால் பெரும்பாலும் ஒரே ஒரு சேவையின் பெயர் ஒளிரும்.

டபிள்யுஎம்ஐ பிரொவைடர் ஹோஸ்ட் என்று வந்தால் சற்றுப் பொறுமை வேண்டும், ஏனென்றால் அது கணினியின் நிலையைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இடம். கேள்வி கேட்டுக் குடைபவர் வேறொருவர். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டபிள்யுஎம்ஐ-ஆக்டிவிட்டி, ஆபரேஷனல் என்று உள்ளே போனால் 5858 என்ற எண்ணுள்ள பிழைப் பதிவுகள் இருக்கும். அவற்றில் கிளையன்ட் பிராசஸ் ஐடி என்று ஓர் எண் காணப்படும். அதே எண்ணை டீட்டெய்ல்ஸ் பக்கத்தின் பிஐடி நெடுவரிசையில் தேடினால் குடைபவர் அகப்படுவார். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் மடிக்கணினி தயாரிப்பாளரே இலவசமாக நிறுவி அனுப்பிய, வெப்பநிலையையும் பேட்டரியையும் ஓயாமல் விசாரித்துக்கொண்டிருக்கும் துணை மென்பொருளாக இருக்கும். அதை நீக்குவதால் கணினிக்குப் பெரும்பாலும் குறை வராது.

சிஸ்டம் இன்டரப்ட்ஸ் என்று வந்தால் மட்டும் நிரல்களைத் தேடுவதை விட்டுவிடுங்கள். அது நிரலே அன்று. வன்பொருள்கள் செயலியைத் தட்டிக் கூப்பிடும் நேரத்தைக் காட்டும் ஒரு கணக்கு வரி. ஓய்வில் அது 1 விழுக்காட்டைத் தொடுவதே அரிது. கூடுதலாக நின்றால், யுஎஸ்பியில் செருகியிருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், பிறகு வைஃபையை நிறுத்திப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்தச் சாதனமோ, அதை விண்டோஸோடு இணைக்கும் டிரைவர் என்ற நிரலோதான் காரணம். வெறுமனே சிஸ்டம் என்ற பெயர் வந்தாலும் பெரும்பாலும் டிரைவர் சிக்கல்தான். டாஸ்க் மேனேஜரின் கண் அதற்குள் எட்டாது. பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் எட்டும். மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் 1996-இல் தொடங்கி, 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்ட சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் அதுவும் ஒன்று. இலவசம், நிறுவவும் தேவையில்லை. அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கி, சிஸ்டம் வரியை இருமுறை சொடுக்கி, த்ரெட்ஸ் பக்கத்தைப் பார்த்தால் சுற்றிக்கொண்டிருக்கும் த்ரெட் (இங்கே நிரலின் ஓடும் பகுதி) எந்தக் கோப்பிலிருந்து பிறந்தது என்று தெரியும். எஸ்ஒய்எஸ் என்று முடியும் அந்தப் பெயர்தான் புதுப்பிக்கவேண்டிய டிரைவர்.

இனி, பார்த்தால் மறையும் 90. எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான், ஆனாலும் கவலைப்பட்டே ஆகவேண்டும் என்று இப்போதே சொல்லமாட்டேன். காரணம், மிக நல்லவனும் மிகத் தீயவனும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் இடம் இது.

நல்லவன் விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு. விண்டோஸ் 8 முதல் இது இருக்கிறது. கணினியின் இயல்பு அமைப்பில் ஒவ்வொரு நாளும் அதிகாலை 2 மணிக்குத் தொடங்கி, அதிகம் போனால் ஒரு மணி நேரம், விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் சோதனை, வட்டு ஒழுங்கு, புதுப்பிப்புகள் என்று ஒத்திவைத்த வேலைகளை எல்லாம் செய்யப் பார்க்கும். அதிகாலை 2 மணிக்கு நம் வீட்டு மடிக்கணினி மூடி வைக்கப்பட்டிருக்கும் என்பதால், அடுத்து எப்போது நீங்கள் கையை எடுக்கிறீர்களோ அப்போது அது தொடங்கும். நீங்கள் மௌஸை அசைத்த மறுகணம், வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று எழுந்து போய்விடும். கோப்புத் தேடலுக்கான இன்டெக்சிங்கும் இதே மரியாதையைக் கடைப்பிடிக்கிறது.

தீயவன் உங்கள் மின்சாரத்தில், உங்கள் செயலியைக் கணக்குப் போடவைத்து, யாருக்கோ கிரிப்டோ காசு தோண்டிக்கொடுக்கும் மைனர் என்ற நிரல். 2017 செப்டம்பரில் வந்து 2019 மார்ச்சில் மூடப்பட்ட காயின்ஹைவ் என்ற சேவை, இணையப்பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரம் மட்டும் இதைச் செய்தது; தாவலை மூடினால் போய்விடும். இன்று வீட்டுக் கணினிகளில் குடியேறுபவை வேறு ரகம். மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் 2019 நவம்பரில் ரேண்டம்எக்ஸ் என்ற கணக்கு முறைக்கு மாறியது. சிறப்பு இயந்திரங்களுக்குச் சாதகம் இல்லாமல் சாதாரணச் செயலிகளாலேயே தோண்ட முடியவேண்டும் என்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான், ஆனால் பிறர் வீட்டுச் செயலியைத் திருடுபவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. இவற்றுள் பல, விசைப்பலகையும் மௌஸும் சில நிமிடம் அசையாமல் இருந்தால்தான் தொடங்கும். டாஸ்க் மேனேஜர் திறக்கப்பட்டால் சில மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், சில வெளியேறியே விடும்.

மூன்றாவதாக ஒன்று: டாஸ்க் மேனேஜர் திறக்கும்போது அதுவே செயலியைக் கொஞ்சம் தின்னும். முதல் நொடியில் தெரியும் 90 அதன் சொந்தச் செலவாகவே இருக்கலாம், அந்த எண்ணை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் காற்றாடி பொய் சொல்லாது. நீங்கள் திறப்பதற்கு முன்பே பல நிமிடங்களாக அது இரைந்திருக்கிறது என்பதால், உள்ளே யாரோ உண்மையாகவே உழைத்திருக்கிறார்கள்.

நேரில் பார்க்க முடியாதவரைக் கணக்கில் பிடிக்கலாம். டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் நெடுவரிசைத் தலைப்பின்மேல் வலச்சொடுக்கி, செலக்ட் காலம்ஸ் என்பதில் சிபியு டைம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விழுக்காடு இந்த நொடியைச் சொல்கிறது. சிபியு டைம், அந்த நிரல் பிறந்தது முதல் இதுவரை எவ்வளவு செயலி நேரத்தைச் செலவழித்தது என்பதைச் சொல்கிறது. நீங்கள் திறந்ததும் ஒருவர் சும்மா உட்கார்ந்துவிட்டாலும், அதுவரை தின்ற கணக்கை அவரால் அழிக்க முடியாது.

இதைச் செய்து பாருங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது விண்டோஸின் உள்கருவை அப்படியே வட்டில் எழுதிவைத்து மீண்டும் எழுப்புவதுதான், ரீஸ்டார்ட் மட்டுமே முழுமையாகத் துடைத்துத் தொடங்கும். (பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப் டைம் என்ற எண்ணைப் பார்த்தால், நாள்தோறும் அணைக்கும் கணினி இருபது நாள் ஓடியதாகச் சொல்வது இதனால்தான், பழைய சிக்கல் ஒன்று ரீஸ்டார்ட் செய்ததும் காணாமல் போவதற்கும் இதுவே காரணம்.) பிறகு சார்ஜரைச் செருகி, பவர் அமைப்பில் தூக்கத்தையும் திரை அணைவதையும் நெவர் என்று வைத்து, எதையும் திறக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிஸ்டம் ஐடில் பிராசஸின் சிபியு டைமைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8 த்ரெட், 2 மணி நேரம். ஆக மொத்தம் உங்கள் செயலிக்குக் கிடைத்தது 16 மணி நேரம். ஓய்வு வரியில் பதினைந்தரைக்கு மேல் இருந்தால், கணினி உண்மையில் சும்மாதான் இருந்திருக்கிறது. சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் தூசி. 13-க்கான கோளாற்றை நீங்கள் இன்னும் தீர்க்கவில்லை என்றால் அதுவே 2 மணி நேரத்தை விழுங்கியிருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஓய்வு வெறும் 9 மணி நேரம் என்றால், 7 மணி நேரச் செயலி உழைப்பு எங்கோ போயிருக்கிறது. இப்போது சிபியு டைம் வரிசையில் அடுக்கிப் பட்டியலில் உள்ளவர்களின் நேரத்தைக் கூட்டுங்கள். டிஃபெண்டரின் எம்எஸ்எம்பிஎங் என்ற வரியும், சர்ச் இன்டெக்சரும் பெரும்பங்கைச் சொந்தம் கொண்டாடினால் பயமில்லை. இரண்டு மூன்று நாள் இப்படி இரவில் விட்டுவைத்தால் பாக்கி வேலையை முடித்துக்கொண்டு தானே அடங்கும். ஆனால் எல்லாரையும் கூட்டியும் ஒரு மணி நேரம்தான் தேறுகிறது, 6 மணி நேரத்துக்குக் கணக்கே இல்லை என்றால், அதைத் தின்றவர் நீங்கள் வருவதற்குள் வெளியேறிவிட்டார்.

வெளியேறியவர் எல்லாரும் திருடர் அல்லர். புதுப்பிப்புகளைப் பதிக்கும் டிஐவொர்க்கர் வேலை முடிந்ததும் நேர்மையாகவே வெளியேறிவிடும். எனவே அடுத்து, பார்வையாளர் இல்லாமலேயே பதிவு செய்யவேண்டும். பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் டேட்டா கலெக்டர் செட்ஸ், யூசர் டிஃபைன்ட் என்பதன் கீழ்ப் புதிதாக ஒன்றை உருவாக்கி, பிராசஸ் என்ற தலைப்பில் பிராசசர் டைம் விழுக்காட்டை எல்லா நிரல்களுக்கும், மெமரி என்ற தலைப்பில் எஞ்சியுள்ள ராமையும் 15 நொடிக்கு ஒருமுறை எழுதச் சொல்லித் தொடங்கிவிட்டுச் சாளரத்தை மூடிவிடுங்கள். பின்னணியில் அது எழுதிக்கொண்டே இருக்கும். பிறகு அந்த வரைபடத்தைத் திறக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தக் கருவி ஒரு நிரலின் நேரத்தை த்ரெட் எண்ணிக்கையால் வகுப்பதில்லை, ஆகவே உங்கள் கணினியில் உச்சம் 800. பின்னணிப் பதிவில் ஏறி நிற்கும் பெயர் எதுவோ அதுவே காணாமல் போன 6 மணி நேரத்தின் சொந்தக்காரர். கூடவே ராம் கோட்டையும் பாருங்கள். ரேண்டம்எக்ஸ் முழுவேகத்தில் ஓட ஏறத்தாழ 2 ஜிபி நினைவகம் கேட்கும்; செயலி ஏறும் அதே நொடியில் ராமில் 2 ஜிபி குறைந்து, இறங்கும்போது அதுவும் திரும்பி வந்தால் எனக்குச் சந்தேகம் வலுக்கும்.

பெயரை மட்டும் வைத்து நம்பிவிடவோ ஐயப்படவோ கூடாது. எஸ்விசிஹோஸ்ட் என்று எந்தக் கோப்புக்கும் பெயர் வைக்கலாம். உண்மையானது இருப்பது விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில், அரிதாக 32 பிட் நிரல்களுக்கான சிஸ்வாவ்64-இல். பெயர் அதுவாகவும் இருப்பிடம் ஆப்டேட்டா அல்லது டெம்ப் போன்ற கோப்புறையாகவும் இருந்தால் அது வேடம். பிராசஸ் எக்ஸ்ப்ளோரரில் வைரஸ்டோட்டல் சோதனையை இயக்கினால் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கோப்பின் கைரேகையும் பல வைரஸ் தடுப்பு நிரல்களின் தீர்ப்போடு ஒப்பிடப்படும். எழுபதில் ஒன்றோ இரண்டோ மட்டும் சிவப்பு என்றால் பெரும்பாலும் பொய் எச்சரிக்கை, இருபது முப்பது என்றால் ஐயமே வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பு, இரண்டே நிமிடத்தில் முடியும் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் அமைப்புகளின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும்: டிஃபெண்டர் எட்டிப் பார்க்கக்கூடாத இடங்கள். நீங்களாக எதையும் சேர்த்ததில்லை என்றால் அது வெறுமையாக இருக்கவேண்டும். கடையில் ஃபார்மட் செய்தபோது ஆபீஸ் மென்பொருளை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இலவசமாக வந்தது, உரிமம் வாங்காமலே மென்பொருளை இயங்கவைக்கும் ஏதேனும் ஆக்டிவேட்டர் மூலம் வந்திருந்தால், அது ஓடுவதற்காக இந்தப் பட்டியலில் ஒரு கோப்புறையையோ சி டிரைவ் முழுவதையுமோ சேர்த்திருப்பார்கள். அப்படித் திறந்து வைத்த கதவு வழியாக யார் வேண்டுமானாலும் வரலாம், டிஃபெண்டரை எத்தனை முறை ஓட்டினாலும் அது சுத்தம் என்றே சொல்லும். பட்டியலை வெறுமையாக்கிவிட்டு, அங்கேயே உள்ள மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் சோதனையை இயக்குங்கள். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும் சோதனை அது, ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். பிறகு, தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸ் கருவியில் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டவற்றை மறைத்துவிட்டு எஞ்சியவற்றை, குறிப்பாக ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் பகுதியை, பாருங்கள். அழித்த மைனர் மறுநாள் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

ஒருவேளை கணக்கு சரியாக வந்து, ஓய்வும் பதினைந்தரை என்று நின்று, சூடு மட்டும் தொடர்ந்தால், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஸ்பீடு என்ற எண்ணைப் பாருங்கள். வேலை நடக்கும்போதும் அது 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருந்தால், சூட்டைத் தாங்க முடியாமலோ, சார்ஜரை அடையாளம் காண முடியாமலோ செயலி தன்னைத்தானே கட்டிப்போட்டிருக்கிறது. அந்த நிலையில் சாதாரண வேலையே 90 என்று காட்டும். அதற்கு மருந்து காற்றாடியைத் துடைப்பதும் சரியான சார்ஜரும்.

கிளீனரை இன்றே நீக்கிவிடுங்கள்; பின்னணியில் ஓடும் இன்னொரு நிரல் என்பதைத் தவிர அது உங்களுக்கு எதையும் தரவில்லை. ராம் கூட்டுவது இருபது தாவல்களைத் திறந்துவைத்துத் தடுமாறுபவருக்கு உதவும், யாரும் தொடாதபோது இரையும் கணினிக்கு உதவாது. ஃபார்மட்டை நான் எதிர்க்கவில்லை. மைனர் என்று உறுதியானால் நானே அதைத்தான் செய்வேன், ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைக் கொண்டு, அந்த ஆக்டிவேட்டர் இல்லாமல். அதே கடையில் அதே பென்டிரைவால் செய்தால் போனவர் அன்றே திரும்பி வருவார்.

இரண்டு மணி நேரச் சோதனையை முடித்தபின் ஓய்வு வரியின் சிபியு டைம், அதற்கு அடுத்த ஐந்து பெயர்களும் அவற்றின் நேரமும், எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் கண்டவை ஆகியவற்றை எழுதுங்கள். 13-இல் நின்ற பெயரையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.